கட்டிங் மெஷினில் தெருக்கூத்து வேடம்: அடுக்குகளை எப்படிப் பிரிப்பது?

காகிதக்கூடு

எல்லாருக்கும் வணக்கம். வரும் நவராத்திரிக்குக் கொலுவில் ஒரு படி முழுக்கத் தெருக்கூத்து வைக்க ஆசை. மண் பொம்மை இல்லை, கணினிக் கோப்பில் உள்ள கோட்டின்படி தாளை வெட்டும் கட்டிங் மெஷினில் வெட்டி ஒட்டிய காகிதப் பொம்மைகள். துரியோதனன், திரௌபதி, கிருஷ்ணன், கட்டியங்காரன், பின்னால் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணையோடு வாத்தியக்காரர்கள். ஆளுக்கு 20 செ.மீ. உயரம். துரியோதனனிலிருந்து ஆரம்பிக்கிறேன், மரத்தில் செய்த கிரீடமும் நகைகளும் பூட்டும் கட்டை வேடம் என்பதால் அதில்தான் வேலை அதிகம்.

பென்சிலில் வரைந்து, ஸ்கேன் செய்து, வண்ணமும் கொடுத்து இங்கே படம் போட்டிருக்கிறேன். இப்போது எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டி ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைப்பது ஒரு வழி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது இன்னொரு வழி. இணையத்தில் கிடைக்கும் கோப்புகளில் இரண்டுமே இருக்கின்றன. மனித உருவத்துக்கு, அதுவும் இவ்வளவு நகையும் உடுப்பும் உள்ள உருவத்துக்கு, எது சரி?

என்னிடம் இருப்பது 12 அங்குல மேட் (தாளை ஒட்டிப் பிடிக்கும் பசை ஷீட்) போடும் சாதாரண மெஷின். காகிதம் எல்லாம் ஏ4 அளவு, 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்).

மீனா_கோவை

அடுக்குங்கள். யோசிக்கவே வேண்டாம்.

ஓரத்தோடு ஓரம் சேர்க்கும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் அந்தக் கோடு வந்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும். அடுக்கும் முறையில் கீழே இருக்கும் துண்டு மேல் துண்டுக்கு அடியில் 3, 4 மி.மீ. உள்ளே போய்விடுகிறது. கொஞ்சம் இப்படி அப்படி ஒட்டினாலும் இடைவெளி விழாது.

எல்லாவற்றுக்கும் அடியில் முழு உருவத்தின் வெளிக்கோட்டை 2 மி.மீ. பெரிதாக்கிக் கருப்பில் ஒரு தாள் வெட்டிக்கொள்ளுங்கள். கிரிகட் கட்டிங் மெஷின்களின் மென்பொருளில் ஆஃப்செட் என்று இருப்பது இதற்குத்தான். அந்தக் கருப்புத் தாள்தான் முதுகெலும்பு, கை கால் மடங்காமல் நிற்பது அதனால்தான். அதற்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் போடலாம். மேலே வரும் துண்டுகளுக்கு 220 போதும். முகத்தில் வரும் மீசை, புருவம் மாதிரிச் சின்னத் துண்டுகளுக்கு 160 பக்கம் இறங்கினால் கத்தி சுத்தமாகத் திரும்பும்.

மெஷினைப் பற்றிக் கவலை வேண்டாம். கிரிகட் எக்ஸ்ப்ளோர் வரிசைக்கு அழுத்தம் 400 கிராம், மேக்கருக்கு 4 கிலோ என்கிறார்கள். அந்த 4 கிலோ தோலுக்கும் பால்சா மரத்துக்கும்தான். நாம் வெட்டுவது வெறும் காகிதம்.

வெக்டர்தம்பி

மீனா அக்கா சொன்னதற்கு மென்பொருள் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் செய்யுங்கள். வண்ணப் படத்தைத் தேர்ந்தெடுத்து ட்ரேஸ் பிட்மேப் (படத்தை வெட்டுக் கோடுகளாக மாற்றும் கட்டளை) போனால், பல வண்ணங்களாகப் பிரிக்கும் பகுதியில் ‘ஸ்டேக்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளி இல்லாமல் வரும். டிக் எடுத்துவிட்டால் தரை ஓடு பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வரும். உங்கள் கேள்விக்கான இரண்டு வழியும் அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது.

ஆனால் ட்ரேஸ் தருவதை அப்படியே மெஷினுக்கு அனுப்பாதீர்கள். அதற்கு எது கை, எது சட்டை என்று தெரியாது; நிறம் மட்டும்தான் தெரியும். கருப்பாக இருக்கும் மீசையும் கருப்பாக இருக்கும் தலைமுடியும் ஒரே அடுக்கில் போய் உட்காரும். ட்ரேஸை வெறும் தடமாக வைத்துக்கொண்டு, பேனா கருவியால் ஒவ்வொரு துண்டையும் நீங்களே மேலே வரைவது நல்லது. நேரம் பிடிக்கும். ஆனால் பிறகு வெட்டும்போதும் ஒட்டும்போதும் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

இன்னொன்று, நோடுகள். ட்ரேஸ் செய்த கோட்டில் தேவையில்லாத புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் திசை மாறப் பார்க்கும், ஓரம் பிசிறு பிசிறாக வரும். பலர் கத்தி மழுங்கிவிட்டது என்று புதுக் கத்தி வாங்கிப் போடுகிறார்கள். கோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எல் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். வளைவு வழவழப்பாகிவிடும். இரண்டு மூன்று முறை அழுத்தினால் மூக்கு நுனி எல்லாம் உருண்டுவிடும், அதனால் பார்த்துச் செய்யுங்கள்.

செய்யாத்துக்கரை

நான் மெஷின் வைத்திருப்பவன் இல்லை. சின்ன வயதிலிருந்து கூத்துப் பார்ப்பவன். எங்கள் செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை ஆடிய ஊர். தலைப்பைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எந்த அடுக்கு மேலே, எது கீழே என்று நீங்கள் மென்பொருளில் தேடுகிறீர்கள். வேடம் கட்டும் இடத்தில் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. முதலில் அரிதாரம். அப்புறம் காலில் சலங்கை. இடுப்பில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பருமன் ஏற்றி, அதன் மேல் பாவாடை மாதிரி விரியும் உடுப்பு. அப்புறம் சட்டை. சட்டைக்கு மேல் மார்ப்பதக்கம், தோளில் புஜக்கீர்த்தி. கிரீடம் கடைசியில்தான் ஏறும். அந்த வரிசையில் அடுக்கினால் எந்த இடத்திலும் தப்பாது, ஏனென்றால் நிஜத்திலேயே ஒன்று இன்னொன்றின் மேல்தான் இருக்கிறது.

அதே மாதிரி, கட்டைகளைத் தட்டையான பொன் நிறத்தில் வெட்டிவிடாதீர்கள். கட்டை என்பது கல்யாண முருங்கை மரம். எடை இல்லாத மரம் என்பதால்தான் ராத்திரி முழுக்கச் சுமந்து ஆட முடிகிறது. அதைச் செதுக்கி, மேலே வண்ண ஜிகினாத் தாள் ஒட்டி, நடுநடுவே கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தச் சில்லுகள் அடிக்கும் மின்னல்தான் துரியோதனனுக்கு ராஜகளை. மரம், தாள், கண்ணாடி என்று அதுவே அடுக்கு வேலைதான்.

முகம் சிவப்பு போட்டிருக்கிறீர்கள், சரி. மீசையை இன்னும் பெரிதாக்குங்கள், கன்னம் வரை போகட்டும்.

காகிதக்கூடு

ஐயா, மிக்க நன்றி. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் தெரிகிறது. நிறத்தை வைத்துப் பிரிக்காமல் உடுத்தும் வரிசையில் பிரித்தால், உடம்பை முழுதாக ஒரே துண்டாக வெட்டலாம்: தலை, கழுத்து, கைகள் எல்லாம் சேர்த்து. சட்டை அதன் மேல் உட்காரும். கழுத்தில் ஒட்டுப் போட வேண்டிய தேவையே இல்லை.

கிரீடத்தை மட்டும் எப்படிச் செய்வது என்று யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? அதில்தான் கண்ணாடிச் சில்லு, கொடி வேலை, உச்சிக் குமிழ் எல்லாம் வருகிறது. 20 செ.மீ. உருவத்தில் கிரீடம் 5 செ.மீ.தான்.

மீனா_கோவை

5 செ.மீ. தாராளம். நான் செய்தால் நான்கு தாள்.

முதல் தாள், கிரீடத்தின் முழு வடிவம், கருஞ்சிவப்பில், உள்ளே துளையே இல்லாமல். எஸ்விஜியில் (மெஷின் படிக்கும் கோட்டுப் படக் கோப்பு) துளை இருந்தால் கிரிகட்டில் கான்டூர் போட்டு மூடிவிடுங்கள்.

இரண்டாவது, வெள்ளி நிறக் கண்ணாடி அட்டை. இதை முழு கிரீடமாக வெட்ட வேண்டாம். சில்லுகள் தெரிய வேண்டிய இடத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு பட்டை போதும். விலையும் மிச்சம், பருமனும் குறையும். நம்மிடம் இருக்கும் கண்ணாடி அட்டையை மெஷின் எப்படி வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது, ஒரு மூலையில் சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பொன் நிறத் தாளில் கொடி வேலை. துளைகள் வழியாகக் கண்ணாடியும் சிவப்பும் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு துளைக்கு நடுவில் நிற்கும் பாலம் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. துளை 2 மி.மீ.க்குக் கீழே போனால் கத்தி திரும்ப இடமில்லாமல் தாளைச் சுருட்டி இழுத்துவிடும். அதைவிடச் சின்னதாக வேண்டும் என்றால் அங்கே வெட்டாதீர்கள், கடைசியில் வெள்ளை ஜெல் பேனாவால் புள்ளி வையுங்கள். மென்பொருளில் ‘நுணுக்கமான வெட்டுக்கான கார்டுஸ்டாக்’ என்று தனி அமைப்பு இருக்கிறது, இந்தத் தாளுக்கு மட்டும் அதைப் போடுங்கள்.

நான்காவது, உச்சிக் குமிழும் நெற்றிப் பட்டையும். இவற்றுக்கு அடியில் 1 மி.மீ. ஃபோம் டேப் வைத்துத் தூக்குங்கள். ஃபோமை ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது.

வெட்டியதும் மேட்டிலிருந்து எடுக்கும்போது தாளைப் பிடித்து இழுக்கவே கூடாது. மேட்டைக் கவிழ்த்துப் போட்டு, தாளை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேட்டை வளைத்து உரியுங்கள். கொடி வேலை சுருளாமல் தட்டையாக வரும். மேட் புதிது என்றால் பசை அதிகம் இருக்கும். சுத்தமான பருத்தித் துணியை இரண்டு மூன்று தடவை ஒட்டி எடுத்தால் பதத்துக்கு வந்துவிடும்.

சிற்றோவியன்

இங்கே எல்லாரும் அடுக்கு அடுக்கு என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். நான் வாழ்த்து அட்டை செய்கிறேன். ஏழெட்டுத் தாள் அடுக்கி ஃபோமும் வைத்தால் உறைக்குள் போகாது, தபாலில் நசுங்கிப் போகும். அடுக்க அடுக்க உருவத்தின் கோடும் போய்விடுகிறது. எல்லாம் மேடு, எல்லாம் நிழல் என்றால் கண் எதைப் பார்ப்பது?

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உருவத்தின் கோடுகள் முழுவதையும் கருப்புத் தாளில் ஒரே வலையாக வெட்டுங்கள். சர்ச் ஜன்னலில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயக் கம்பி பிடித்திருக்குமே, அந்த அமைப்பு. வண்ணத் துண்டுகளைப் பின்பக்கத்திலிருந்து ஒட்டினால் சேர்க்கை எல்லாம் கருப்புக் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மொத்தம் இரண்டு தாள் பருமன்தான். கோட்டோவியத்தின் வேகமும் அப்படியே இருக்கும்.

மீனா_கோவை

அட்டைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் இது கொலுப் படி. ஒரு கஜ தூரத்திலிருந்து, மேலே தொங்கும் சீரியல் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கப்போகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்தால்தான் உருவம் எழும்பும்.

எல்லாமே மேடாக இருந்தால் எதுவும் தெரியாது என்பது உண்மை. அதனால்தான் ஃபோமை எல்லா இடத்திலும் வைக்கச் சொல்லவில்லை. உடம்பு, சட்டை, பாவாடை எல்லாம் பசையில் தட்டையாக ஒட்டட்டும். மார்ப்பதக்கம், புஜக்கீர்த்தி, கிரீடத்தின் நெற்றிப் பட்டை இந்த மூன்று மட்டும் எழும்பினால் போதும். நிஜ வேடத்தில் மரக் கட்டையாக இருப்பவை இந்த மூன்றும்தானே.

செய்யாத்துக்கரை

அதுதான் சரி. துணி படிந்து கிடக்கட்டும், கட்டை எழும்பட்டும்.

வெக்டர்தம்பி

சிற்றோவியன் சார் சொன்ன கருப்பு வலை முறையை வாத்தியக்காரர்களுக்கு வைத்துக்கொள்ளலாமே? அவர்கள் பின்வரிசை. தட்டையாக இருந்தால் முன்னால் நிற்கும் துரியோதனன் இன்னும் எடுப்பாகத் தெரிவார்.

அடுக்கு வேலை மெஷினோடு வந்தது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போலந்தில் விச்சினான்கி என்று கிராமத்துக் காகிதக் கலை உண்டு. அதில் வோவிச் பகுதிக்காரர்கள் பல வண்ணத் தாள்களை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிச் சேவலும் பூவும் செய்வார்கள். குர்பியே பகுதிக்காரர்கள் ஒரே நிறத் தாளை மடித்து வெட்டுவார்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலால் அவ்வளவு நுணுக்கம்! ஒரு வோவிச் சேவலைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு இறகும் கீழே பெரிய தாள், மேலே அதைவிடச் சின்னது, அதற்கும் மேலே இன்னும் சின்னது என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் பாவாடை மடிப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அம்பத்தூர் டீச்சர்

மெஷின் இல்லாதவர்கள் இதைச் செய்ய முடியாதா? பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது. நாற்பது பிள்ளைகள், கையில் கத்தரிக்கோலும் பசையும்தான்.

சிற்றோவியன்

நிச்சயமாகச் செய்யலாம் டீச்சர். கோப்பு தயாரானதும் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனி ஏ4 தாளில் வெறும் கோடாகப் பிரின்ட் எடுங்கள். அதை வண்ணத் தாளின் மேல் நான்கு மூலையிலும் ஸ்டேப்லர் அடித்து இரண்டையும் சேர்த்தே வெட்டச் சொல்லுங்கள். அடித்தாள், உடம்பு, பாவாடை, சட்டை, கிரீடம் என்று ஐந்து அடுக்கு போதும். உள் துளைகளை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஜிகினாத் தாளைப் பஞ்சிங் மெஷினில் துளைத்து எடுத்த வட்டங்களை ஒட்டலாம். கத்தி வேலை எதுவும் பிள்ளைகள் கையில் வேண்டாம்.

மட்டுநகர்

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன், மிகவும் சந்தோசம். எங்கட வடமோடிக் கூத்திலும் அரச வேடத்துக்குக் கிரீடமும் கரப்புடுப்பும் உண்டு. கோழி கவிழ்க்கிற கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கிற உடுப்பு அது. தெருக்கூத்து வேடத்துக்கு நீங்கள் போடுகிற இதே அடிப்படைக் கோப்பில் உடுப்பை மட்டும் மாற்றினால் வடமோடி அரசனும் செய்யலாம்தானே? செய்தால் படம் போடுகிறேன்.

இங்கே ஒரு பிரச்சினை: மாரி காலத்தில் காகிதம் ஈரம் இழுத்துவிடுகிறது. அதே கத்தி, அதே அமைப்பு, ஆனால் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக வருகிறது. உங்களுக்கும் இப்படி வருகிறதா?

மீனா_கோவை

வரும். நவராத்திரியும் மழைக்காலத்தை ஒட்டித்தானே வருகிறது, அதனால் காகிதக்கூடுக்கும் இது தேவை. தாளை ஜிப் கவரில் போட்டு, மாத்திரை டப்பாவிலும் ஷூ பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு வையுங்கள். வெட்டுவதற்கு முன் எடுத்தால் போதும். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும் நாளில் கொடி வேலையைத் தொடாமல் உடம்பு, அடித்தாள் மாதிரிப் பெரிய துண்டுகளை முடித்துக்கொள்ளலாம். கத்தி நுனியில் நார் சிக்கியிருந்தாலும் இப்படி ஆகும். அலுமினியத் தாளை உருண்டையாகப் பிடித்துக் கத்தியை அதில் பல முறை குத்தி எடுங்கள், நார் உதிர்ந்துவிடும்.

காகிதம் வாங்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது மேலே மட்டும் நிறம் ஏற்றியது. அடுக்கு வேலையில் அந்த வெள்ளை ஓரம் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கோடு போட்ட மாதிரி நிற்கும். உள்ளேயும் நிறம் ஊறிய தாள் கிடைக்காவிட்டால், வெட்டிய ஓரத்தில் அதே நிற ஸ்டாம்ப் பேடை லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். அரிதாரம் பூசிய முகத்தின் ஓரத்தில் கொஞ்சம் அடர் சிவப்பு ஏறினால் கன்னம் உருண்டு தெரியும், அதனால் முகத்துக்கு இதை எப்படியும் செய்யுங்கள்.

பசை விஷயத்தில் ஒன்றே ஒன்று. சாதாரண வெள்ளைப் பசையை ஊசி முனை பாட்டிலில் ஊற்றிப் புள்ளி புள்ளியாக வையுங்கள். முழுதாகத் தடவினால் தாள் நனைந்து வளையும். மீசை, புருவம் மாதிரித் துண்டுகளுக்குத் தாளின் பின்பக்கம் இரட்டைப் பக்க ஒட்டும் ஷீட்டை முதலிலேயே ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். ஸ்டிக்கராகவே வந்துவிடும்.

புதியவன்_தி

இதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஒரு சந்தேகம். பிறந்தநாள் விழாக்களுக்கு கார்ட்டூன் பாத்திரங்களை இப்படி அடுக்கிச் செய்து விற்கலாமா? எஸ்விஜி கோப்புகள் நிறையக் கிடைக்கின்றனவே.

வெக்டர்தம்பி

கோப்பு கிடைப்பதும் உரிமை கிடைப்பதும் வேறு வேறு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஓவியத்துக்கு வரைந்தவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. கார்ட்டூன் நிறுவனங்கள் பெயரையும் உருவத்தையும் வர்த்தக முத்திரையாகவும் பதிந்து வைத்திருப்பார்கள். விற்பனை என்றால் அனுமதி வேண்டும். கோப்பு விற்கும் பக்கத்தில் ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் அதுவும் விற்பனைக்கு ஆகாது. நம் ஊரில் வரையத் தகுந்த வேடங்களுக்குக் குறைவா? கரகாட்டம், பொய்க்கால் குதிரை, புலியாட்டம் எல்லாம் நீங்களே வரைந்து விற்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கோப்புகளை உங்கள் கணினியிலும் சேமித்து வையுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்கள்தான் ஏற்றலாம் என்று அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாம் வரைந்தது நம் கையில் எஸ்விஜியாக இருந்தால் எந்த மெஷினுக்கும் கொண்டுபோகலாம்.

காகிதக்கூடு

எல்லாருக்கும் நன்றி. இங்கே பேசியதை வைத்துத் துரியோதனனை இப்படிப் பிரித்திருக்கிறேன், கீழிருந்து மேலாக: கருப்பு அடித்தாள், தலை, கை, கால் சேர்ந்த உடம்பு, சலங்கை, பாவாடை மூன்று மடிப்பு, கீழ் மடிப்பு பெரிது, மேலே போகப்போகச் சின்னது, சட்டை, மார்ப்பதக்கம், புஜக்கீர்த்தி, முகத்தில் கண், புருவம், மீசை, கடைசியில் கிரீடம் நான்கு தாள். ஃபோம் மூன்று இடத்தில் மட்டும்.

ஐயா சொன்னபடி மீசையைக் கன்னம் வரை இழுத்துவிட்டேன். முகம் இப்போதுதான் துரியோதனனாகத் தெரிகிறது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். இவ்வளவு தாள் ஏறிய பிறகு கிரீடப் பக்கம் எடை கூடிவிடுமே, படியில் எப்படி நிறுத்துவது?

சிற்றோவியன்

பின்னால் 300 ஜிஎஸ்எம் தாளில் ஒரு நீளமான முக்கோணம் வெட்டி, ஒரு ஓரத்தை 1 செ.மீ. மடித்து, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒட்டுங்கள். புகைப்படச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கால் மாதிரி. மடிப்பைக் கையால் மடிக்காமல் மெஷினிலேயே ஸ்கோர் கோடு (மடிப்பதற்கான அழுத்தக் கோடு) போட்டுக்கொண்டால் நேராக நிற்கும். முக்கோணத்தின் அடி அகலம் உருவ உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். உங்களுக்கு 7 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். படியில் விரித்த துணி வழுக்கினால் முக்கோணத்தின் அடியில் இரட்டைப் பக்க டேப் ஒரு துண்டு.

செய்யாத்துக்கரை

முன்னால் இரண்டு பேர் பிடித்த மாதிரி ஒரு திரையும் வெட்டி வையுங்கள் அம்மா. துரியோதனன் வருகை திரைக்குப் பின்னாலிருந்துதான். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும்படி ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் திரையை எடுத்துவிடலாம். கொலு பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

காகிதக்கூடு

திரைக்குத் தனிக் கோப்பு போடுகிறேன். துரியோதனன் கோப்பை இந்த வாரம் முடித்து இங்கே ஏற்றுகிறேன். டீச்சருக்கு ஐந்து அடுக்கில் எளிய பதிப்பு ஒன்றும், மட்டக்களப்பு நண்பருக்கு உடுப்பு இல்லாத அடிப்படை உருவமும் சேர்த்துத் தருகிறேன். அடுத்து திரௌபதி. விரித்த கூந்தலை ஒரே கருப்புத் துண்டாக வெட்டுவதா, இழை இழையாகவா என்று யோசித்துவைத்திருங்கள்.

மீனா_கோவை

இழை இழையாக. முகத்துக்கு அடியில் ஒரு பெரிய துண்டு, தோளுக்கு மேலே வந்து விழும் மூன்று நான்கு இழை தனியாக. முந்தானை அவற்றுக்கு நடுவில் போக வேண்டும்.